குச்சி உணவைப் பகல் பன்னிரண்டரைக்குப் படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், பிள்ளைகளுக்கு மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கக் குச்சியில் கோத்த சிற்றுணவுகள் என்று இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் கண்ணைப் பறித்தன. நட்சத்திரமாக வெட்டிய தர்பூசணி, முழு முழுத் திராட்சை, அன்னாசித் துண்டுக்கும் சீஸ் துண்டுக்கும் நடுவே ஒரு புதினா இலை, எல்லாவற்றுக்கும் மேலே கூர்முனை நீட்டி நிற்கும் மூங்கில் குச்சி. செய்து முடித்த மறு நிமிடம் எடுத்த படங்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. நான் இதே உணவை ஐந்து மணி நேரம் கழித்துப் பார்ப்பவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். இறுகிப்போன மூடியைத் திறந்துகொடுப்பது, சிந்தியதைத் துடைப்பது, அழுகிறவர்களைச் சமாதானம் செய்வது, மிச்சம் வைக்கிறவர்களை இன்னும் ஒரு வாய் சாப்பிட வைப்பது இவை என் பொறுப்பு. எந்த டப்பா காலியாகிறது, எது போனபடியே வீடு திரும்புகிறது என்பதை எந்தச் சமையல் நிபுணரையும்விடக் கிட்டத்தில் பார்க்கிறேன் என்றால் அது தற்பெருமை ஆகாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குச்சியில் கோத்துக் கொடுப்பது வெறும் அலங்காரம் இல்லை. ஒரு பதார்த்தம் இன்னொன்றின்மேல் பட்டுவிட்டால் இரண்டையுமே தொடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். கை பிசுபிசுத்தால் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சிலேயே நேரத்தை விட்டுவிட்டு மணியடிக்கும்போது முழிக்கிறவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் குச்சி உதவுகிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது, அதுவும் முடிந்தால் வெறும் குச்சி. எவ்வளவு பாக்கி என்பது பிள்ளைக்கே தெரிகிறது. ஆனால் காய் சாப்பிடாத பிள்ளை குச்சியில் கோத்தால் சாப்பிட்டுவிடும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளை கேரட்டை மட்டும் உருவி, டப்பாவின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடும். இன்னும் சில பிள்ளைகளுக்குப் பிடிக்காத ஒரு துண்டு நடுவில் இருந்தால் அந்தக் குச்சி முழுவதுமே வேண்டாததாகிவிடும். புதிதாகப் பழக்குகிறவர்கள் பிள்ளைக்குப் பிடித்ததை ஒரு குச்சியிலும் புதியதை வேறொரு குச்சியிலும் தனித்தனியாகக் கோத்துக் கொடுப்பதே நல்லது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முழுத் திராட்சையைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. குச்சியில் இருந்தாலும் கிண்ணத்தில் இருந்தாலும் கூடாது. வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருக்கும் திராட்சை சிறு பிள்ளையின் மூச்சுக்குழலைப் பாட்டிலுக்குத் தக்கை போட்டதுபோல அடைத்துவிடும். காற்று போக இடுக்கே இல்லாததால் இருமினாலும் வெளியே வராது. கடைவாய்ப் பற்கள் சரியாக முளைக்காத வயதில் கடித்து அரைப்பதும் அரைகுறைதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010இல் வெளியிட்ட அறிக்கையில், தொண்டையில் சிக்கும் ஆபத்துள்ள உணவுகளில் சாசேஜ், முழுத் திராட்சை, கொட்டைகள், பச்சைக் கேரட் எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. உங்கள் இரண்டு பக்கத்தில் இவற்றில் மூன்று இருந்தன. எந்த வயதுப் பிள்ளைக்கு என்று ஒரு வரிகூட இல்லை.

திராட்சையையும் சிறு தக்காளியையும் நீளவாட்டில் நான்காகக் கீற வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் போதாது. அப்போதும் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். சாசேஜுக்கும் இதே கதைதான். வில்லை வில்லையாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையும் ஒரு அடைப்பான். முதலில் நீளவாட்டில் பிளந்துவிட்டுப் பிறகு நறுக்குங்கள். கேரட்டை ஆவியில் வேகவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்தில் கொடுங்கள். நான்காகக் கீறிய திராட்சை குச்சியில் அழகாக நிற்காது என்பது உண்மைதான். அழகு சோறு போடுமா? முதலுதவிப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தொண்டை அடைத்து, இருமவோ பேசவோ முடியாமல் போனால், முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, அதற்கும் வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கையை வைத்து உள்ளும் மேலுமாக 5 அழுத்து, கூடவே இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்காக இதைச் செய்யும் நிலை வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

அடுத்து அந்தக் கூர்முனை. ஒரு பிள்ளை குச்சி உணவை எப்படிச் சாப்பிடுகிறது என்று நீங்கள் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் துண்டைக் கையால் உருவும். இரண்டாவதும் வந்துவிடும். அதற்குள் கையில் ஈரம் ஏறியிருக்கும், மூன்றாவது வழுக்கும். உடனே குச்சியை அப்படியே வாய்க்குள் விட்டுப் பல்லால் கவ்வி இழுக்கும். அடியில் இருக்கும் கடைசித் துண்டுக்குக் குச்சி தொண்டைவரை போகும். பக்கத்தில் இருப்பவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்த நிமிடமே அந்தக் குச்சி வாளாகிவிடும். அதனால்தான் நான் ஒரு தகர டப்பாவோடு மேசை மேசையாகச் சுற்றிக் குச்சிகளை வாங்கிக்கொள்கிறேன்.

கூர்முனையை வெட்டிவிடுங்கள் என்று சொல்வது எளிது. வெட்டினால் பழத்தில் இறங்காதே என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. கூரான குச்சியால் முதலில் துளை போட்டுக்கொண்டு, அந்தத் துளையில் மழுங்கிய குச்சியைச் செருக வேண்டும். அல்லது எல்லாவற்றையும் கோத்து முடித்த பிறகு முனையை நறுக்கிவிட்டு, நறுக்கிய இடத்தை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். மூங்கிலைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நுனி சரிவாகவும் சிராயோடும் நிற்கும். தேய்க்காமல் விட்டால் உதட்டில் ஏறும். டப்பாவுக்குள் அடங்கவில்லை என்று குச்சியைக் கையால் ஒடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒடித்த முனை கூர்முனையைவிட மோசம்.

என்னைக் கேட்டால் ஐஸ்கிரீம் குச்சிதான் சிறந்தது. தட்டையாக இருப்பதால் துண்டுகள் சுழலாது, முனையும் உருண்டையாக இருக்கும். கத்தி நுனியால் சிறு கீறல் போட்டுச் செருகினால் போதும். காகித உறிஞ்சுகுழல் என்கிறார்கள். உலர்ந்த பதார்த்தத்துக்குச் சரி, பழச்சாறு பட்டால் மதியத்துக்குள் தொளதொளத்துவிடும். பல்குத்தும் குச்சியை மட்டும் எந்த வயதுப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். அது உணவுக்குள் மறைந்துபோகும் அளவுக்குச் சிறியது. விழுங்கிவிட்டால் கரையாது, குடலில் குத்தித் துளை போடக்கூடியது, மரம் என்பதால் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் குச்சியே வேண்டாம். அதே துண்டுகளை அதே வரிசையில் டப்பாவில் அடுக்கிக் கொடுங்கள்.

ஒரு குச்சிக்கு நான்கு துண்டு போதும். அடியில் பிள்ளையின் மூன்று விரல் பிடிக்கும் அளவுக்கு வெற்றிடம் விடுங்கள். பிள்ளைக்கு உருவச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அடியிலிருந்து மேலே தள்ளச் சொல்லிக்கொடுங்கள். தள்ளினால் துண்டு நுனியில் வந்து நிற்கும், உதட்டால் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு சின்னப் பழக்கத்தை வீட்டில் ஒரு மாலை பழக்கிவிட்டால் குச்சி தொண்டைக்குள் போகும் கதையே இல்லை. இல்லாவிட்டால் கடைசித் துண்டு கைக்கெட்டியும் வாய்க்கெட்டாமல் குப்பைக்குப் போகிறது. எங்கள் குப்பைத் தொட்டியில் மதியத்துக்குப் பிறகு கிடக்கும் குச்சிகளில் பெரும்பாலும் அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது நீர் விவகாரம். வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர், தர்பூசணியில் சுமார் 92. வெட்டிய இடத்திலெல்லாம் அது கசியும். நட்சத்திரம், இதயம், பட்டாம்பூச்சி என்று வடிவம் வெட்ட வெட்ட வெட்டுவாய் அதிகமாகிறது, கசிவும் அதிகமாகிறது. ஆப்பிளாக இருந்தால் கறுப்பதும் அதிகமாகிறது. நான் திறக்கும் டப்பாவில் உங்கள் நட்சத்திரம் ஒரு குட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தத் தண்ணீரை ரொட்டித் துண்டு குடித்திருக்கும். சதுரமாகவே வெட்டுங்கள். வெள்ளரியின் நடுவிலுள்ள விதைச் சதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, வெட்டிய துண்டைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். உப்பும் மிளகுத்தூளும் காலையிலேயே தூவினால் உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். வேண்டுமானால் ஒரு காகிதத்தில் மடித்துத் தனியே வையுங்கள், பிள்ளையே தூவிக்கொள்ளட்டும். தூவிக்கொள்வதில் அவர்களுக்குள்ள பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே!

எது எதற்குப் பக்கத்தில் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரொட்டிக்குப் பக்கத்தில் தக்காளி வரக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சீஸ் வரட்டும், அது நீரை உறிஞ்சாது. ரொட்டியின் இரண்டு முகத்திலும் வெண்ணெய் தடவினால் ஈரம் உள்ளே இறங்காது. இனி அன்னாசியையும் சீஸையும் ஒட்டிக் கோத்த உங்கள் அட்டைப் படம். விருந்தில் வைத்து உடனே சாப்பிட அது அருமையான ஜோடி. ஆனால் சூடாக்காத பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை அரித்துக் கரைப்பதுதான் அதன் வேலை. சில மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்தால் சீஸின் மேற்பரப்பு கூழாகும், கசப்பும் தட்டும். கோழித்துண்டைப் பக்கத்தில் வைத்தாலும் அது மாவுபோல ஆகிவிடும். பப்பாளியிலும் கிவியிலும் இதே வகை நொதிகள் உண்டு. டின்னில் வரும் அன்னாசியைச் சூடாக்கித்தான் அடைக்கிறார்கள் என்பதால் அதில் இந்த நொதி செயலிழந்துவிடும், தாராளமாகச் சீஸோடு கோக்கலாம். பச்சை அன்னாசிதான் வேண்டும் என்றால் அதைப் பழக்குச்சியில் தனியே வையுங்கள்.

பழக்குச்சிக்கு என் கண்ணுக்குத் தெரிந்த ராஜா ஆரஞ்சுச் சுளைதான். விதையை எடுக்கச் சிறு கீறல் மட்டும் போட்டு, மற்றபடி தோலைக் கிழிக்காமல் ஓரமாகக் குத்தினால் மதியம்வரை அதிகம் கசியாது. ஆப்பிளையும் பேரிக்காயையும் வெட்டியவுடன் ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து ஐந்து நிமிடம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் கறுக்காது. எலுமிச்சைச் சாறும் இதைச் செய்யும், ஆனால் புளிப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும். ஆப்பிளைச் சிறியவர்களுக்கு மெல்லிய வில்லையாகச் சீவித்தான் கொடுக்க வேண்டும், பாளம் பாளமாக அல்ல. வாழைப்பழத்தைக் குச்சியில் கோக்காதீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் ஒன்றுமில்லை. இயற்கையே அதற்கு ஒரு நல்ல உறை கொடுத்திருக்கிறது.

இனி முட்டையும் கோழியும். உங்கள் கட்டுரை அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிக் கோக்கச் சொல்கிறது. மஞ்சள் கரு உதிர்ந்து பையெல்லாம் தூளாகும். அதற்குப் பதிலாக மெல்லிய ஆம்லெட் ஊற்றி, சூட்டோடு இறுக்கிச் சுருட்டி, ஆறிய பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். சுருளின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே குச்சியை ஏற்றினால் குச்சியே பூட்டாகிச் சுருள் பிரியாமல் நிற்கும். ஒரு சிறுமி தினமும் இப்படித்தான் கொண்டுவருகிறாள். ஆம்லெட் சுருள், வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு, மறுபடி சுருள். டப்பா காலியாகாத நாளே இல்லை. கோழியைக் குச்சியிலேயே சுட்டால் கறி மூங்கிலில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளையால் கழற்ற முடியாது. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்த குச்சியில் சுட்டு, துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் இறக்கி, உருவி எடுத்து, ஆறவைத்துப் புதிய மழுங்கல் குச்சிக்கு மாற்றுங்கள். பச்சைக் கறி இருந்த தட்டில் வெந்ததை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்றின் கீழ் வருவது, சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலையில் ஏழரைக்கு மூடிய டப்பா பன்னிரண்டரைக்குத் திறக்கப்படுகிறது என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முட்டை, கோழி, சீஸ், வெட்டிய தர்பூசணி, முலாம்பழம் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். வெட்டிய பழத்துக்கு என்ன என்று நினைக்கிறார்கள். புளிப்பில்லாத பழங்களில் கிருமி நன்றாகவே வளரும். ஆகவே முந்தைய இரவே நறுக்கி, அடியில் காகிதத் துண்டு விரித்த டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் சில்லென்று எடுத்துக் கோத்து, உறைய வைத்த ஒரு சிறு தண்ணீர் பாட்டிலை டப்பாவோடு ஒட்டி வைத்து, வெப்பம் தாங்கும் பையில் அனுப்புங்கள். பாட்டில் மதியத்துக்குள் உருகிக் குளிர்ந்த தண்ணீராகிவிடும், அதையே குடிக்கலாம். சூடாகச் சமைத்ததை ஆறுவதற்கு முன் மூடினால் ஆவி மூடியில் திரண்டு சொட்டும். எல்லா உழைப்பும் வீண்.

இன்னொன்றும் உண்டு, பலர் யோசிக்காதது. குச்சி உணவு கைமாறுவதற்கு வசதியானது. உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று என்று நொடியில் பண்டமாற்று நடந்துவிடும். கரண்டியால் சாப்பிடும் உணவில் இவ்வளவு நடப்பதில்லை. துண்டுகள் நழுவாமல் இருக்க நிலக்கடலை வெண்ணெய் தடவுங்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரு குறிப்பு இருந்தது. கடலை ஒவ்வாமையுள்ள ஒரு பிள்ளைக்கு அந்த மெல்லிய பூச்சே ஆபத்து. பார்த்தால் தெரியவும் தெரியாது. ஒட்டுவதற்குக் கெட்டியான சீஸ் தடவலாம். அதற்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள் என்பதால், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆசிரியர் அவர்களே, எனக்கு உங்கள் சமையல் பக்கத்தின்மேல் கோபம் இல்லை. வாராவாரம் அதைத்தான் முதலில் புரட்டுகிறேன். வேண்டுவது இவ்வளவுதான். மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவென்று ஒரு குறிப்பு வெளியிட்டால், அதைச் செய்து, டப்பாவில் அடைத்து, ஒரு பையில் போட்டு, அந்தப் பையை யாராவது தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கட்டும். பிறகு ஒரு மூலையில் வீசட்டும், ஏனென்றால் பிள்ளைகள் வீசத்தான் செய்கிறார்கள். பன்னிரண்டரைக்குத் திறந்து, அப்போது ஒரு படம் எடுங்கள். அதைச் செய்த உடன் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். எந்த வயதிலிருந்து கொடுக்கலாம், எவ்வளவு நேரம் தாங்கும் என்று கீழே இரண்டு வரி இருக்கட்டும். இதற்கு உங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால் நான் திறந்து பார்த்துச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எப்படியும் டப்பாதான் திறந்துகொண்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் டப்பாவைத்தான் எழுதிவிட்டேன் என்று சில தாய்மார்கள் நினைத்துக்கொள்ளக்கூடும்.

இப்படிக்கு,
சாப்பாட்டு அறைப் பணியாளர் ஒருவர்